மொரீஷியஸ் தையல் ஆலையில் ஓவர்டைம் பணம் குறைகிறது: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து வந்து, மொரீஷியஸின் வடக்குப் பக்கம் ஒரு தையல் ஆலையில் இரண்டு வருடமாக வேலை செய்யும் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். ஓவர்டைம் பணம் சரியாக வருவதில்லை. கேட்டால், "அடுத்த ஃபிளைட்டில் ஏற்றி அனுப்பிவிடுவோம்" என்கிறார் சூப்பர்வைசர். கூட வேலை செய்பவர்களில் பாதிப் பேர் வங்கதேசத்துக்காரர்கள், கொஞ்சம் பேர் மடகாஸ்கர், மீதி இந்த ஊர்ப் பெண்கள். எங்களைப் போன்றவர்கள் சங்கத்தில் சேரலாமா, சேர்ந்தால் எங்கிருந்து தொடங்குவது, இந்தத் தீவில் சாதாரண ஆட்கள் கூடி எதையாவது வாங்கியதுண்டா என்று கேட்கிறார். கடைசியில், போகிற போக்கில் சொல்வதுபோல ஒரு வரி: அவருடைய பாஸ்போர்ட்டை ஆலை ஆபீசில் ஒரு பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார்களாம்.

முதலில் என்னைப் பற்றி. நான் வக்கீல் இல்லை. இங்கே அரசுத் தொடக்கப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். வாத்தியாருக்கு இங்கிலீஷும் பிரெஞ்சும் எழுத வரும் என்பதால் முப்பது வருடமாக என் வீட்டுத் திண்ணைக்கு ஆட்கள் பே ஸ்லிப்போடும் நோட்டீஸோடும் வந்துகொண்டிருக்கிறார்கள். மனு எழுதிக் கொடுத்தே கொஞ்சம் சட்டம் கற்றுக்கொண்டேன். அந்த அளவில்தான் இந்தப் பதில்.

சேரலாம். அதில் சந்தேகமே வேண்டாம். வொர்க் பெர்மிட்டோடு வேலை செய்யும் வெளிநாட்டவருக்கும் சங்கத்தில் சேர உரிமை உண்டு என்பது 2008ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்திலேயே இருக்கிறது. சங்கத்தில் சேர்ந்ததற்காகவோ, நல்லெண்ணத்தோடு ஒரு புகார் கொடுத்ததற்காகவோ வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்று 2019ஆம் ஆண்டுத் தொழிலாளர் உரிமைச் சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்வதும் சூப்பர்வைசர் செய்வதும் வேறு என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால்தான் சங்கத்தின் பெயரை வாயில் எடுப்பதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அது கணக்கு.

உங்கள் பே ஸ்லிப்பை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பே ஸ்லிப் கொடுப்பது முதலாளியின் கடமை; கொடுக்கவில்லை என்றால் அதுவே முதல் புகார். 2025ஆம் ஆண்டில் இங்கே குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 17,110 ரூபாயாக இருந்தது; அந்த எண்ணை வைத்தே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மொரீஷியஸ் ரூபாய்தான், இந்திய ரூபாய் இல்லை. வருடா வருடம் ஜனவரியில் இந்தத் தொகை மாறும், அதனால் நடப்பு வருடத்தின் எண்ணை விசாரித்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 45 மணி நேரம் சாதாரண வேலை. 45ஐ 52 வாரத்தால் பெருக்கி 12 மாதத்தால் வகுத்தால் மாதத்துக்கு 195 மணி நேரம் வரும். 17,110ஐ 195ஆல் வகுத்தால் மணிக்கு 87 ரூபாய் 74 சென்ட். ஓவர்டைமுக்குக் குறைந்தது ஒன்றரை மடங்கு: 131 ரூபாய் 61 சென்ட்.

ஒரு மாதம் 60 மணி நேரம் ஓவர்டைம் செய்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிட்டத்தட்ட 7,897 ரூபாய் வரவேண்டும். சாதாரண ரேட்டிலேயே கணக்குப் போட்டிருந்தால் 5,265தான் வரும். வித்தியாசம் 2,632 ரூபாய். வருடத்துக்கு 31,000க்கு மேலே. ஊரில் கடன் வாங்கி ஏஜென்டுக்குக் கட்டிவிட்டு வந்தவருக்கு இது எவ்வளவு பெரிய தொகை என்று நான் சொல்ல வேண்டாம்.

இன்னொரு தந்திரத்தையும் கவனியுங்கள். குறைந்தபட்சச் சம்பளம் என்பது சாதாரண நேர வேலைக்கான அடிப்படைச் சம்பளம். ஓவர்டைமையும் சேர்த்துக் கூட்டி, "பார், குறைந்தபட்சத்துக்கு மேலேயே வாங்குகிறாய்" என்று காட்டினால் அது ஏமாற்று. இதை நான் ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, பல தடவை பார்த்திருக்கிறேன்.

அப்புறம் தைப்பூசம். இந்த நாட்டில் தைப்பூசக் காவடி அரசு விடுமுறை. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இதில் ஒரு பெருமை. காவடி எடுக்க லீவு கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். ஆனால் ஆர்டர் நெருக்கினால் அன்றைக்கும் மெஷின் ஓடும், அநேகமாக வங்கதேசத்துப் பிள்ளைகளை வைத்து. அரசு விடுமுறை நாளில் வேலை செய்தால் குறைந்தது இரட்டைச் சம்பளம். தைப்பூசம் வந்த மாதத்து பே ஸ்லிப்பை எடுத்து அந்த ஒரு நாளை மட்டும் பாருங்கள். மற்ற ஓவர்டைம் கணக்கெல்லாம் கலங்கிய குட்டை மாதிரி இருக்கும். எது எந்த நாள் என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். விடுமுறை நாள் ஒற்றையாக நிற்கும். இரட்டை போட்டிருக்கிறார்களா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும். ரம்ஜான் பெருநாளும் இங்கே அரசு விடுமுறைதான். அதை வங்கதேசத்துத் தோழிகளிடம் சொல்லுங்கள், பேச்சைத் தொடங்க அதைவிட நல்ல வழி கிடையாது.

இப்போதே இருபது ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி எழுத ஆரம்பியுங்கள். தேதி, உள்ளே போன நேரம், சாப்பாட்டு நேரம், வெளியே வந்த நேரம். தினமும் ராத்திரி படுக்கும் முன் எழுதவேண்டும். வாரக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து எழுதினால் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே அழுத்தம் என்று பார்த்ததும் தெரிந்துபோகும்; எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார். தமிழிலேயே எழுதலாம், எண்கள் எல்லாருக்கும் புரியும்.

சரி, ஆட்களை எப்படிச் சேர்ப்பது? இதில் என் அபிப்பிராயம் கொஞ்சம் பழைய ஆள் அபிப்பிராயம். கூட்டம் போடாதீர்கள். டார்மிட்டரியில் பத்துப் பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினால் மறுநாள் காலையில் மெஷின் ஸ்டார்ட் ஆவதற்கு முன்னால் ஆபீசுக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொருவராகப் பேசுங்கள். சத்தமாகப் பேசுகிற ஆளைத் தேடிப் போகாதீர்கள். உங்கள் லைனில் காய்ச்சல் வந்தால் மாத்திரைக்கு யாரிடம் போகிறார்கள், ஊருக்குப் பணம் அனுப்ப யாரிடம் விசாரிக்கிறார்கள், ரூமில் சண்டை வந்தால் யார் தீர்த்துவைக்கிறார் என்று ஒரு வாரம் கவனியுங்கள். அந்த ஆள்தான் உங்களுக்கு வேண்டியவர். வங்கதேசத்துக்காரர்களில் ஒருவர், மடகாஸ்கர் பெண்களில் ஒருவர், ஊர்க்காரர்களில் ஒருவர், நீங்கள். நாலு பேர் போதும், நாலு பே ஸ்லிப்.

ஊர்க்காரப் பெண்களை நான் வேண்டுமென்றேதான் சேர்த்துச் சொன்னேன். நீங்கள் கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரே வரியில் "எங்களோடு பேசமாட்டார்கள்" என்று முடித்துவிட்டீர்கள். வெளிநாட்டவர் வந்ததால்தான் சம்பளம் ஏறவில்லை என்று அவர்களிடம் சொல்லப்பட்டிருக்கும். ஊர்க்காரர்கள் சோம்பேறிகள், அதனால்தான் உங்களைக் கூட்டிவந்தோம் என்று உங்களிடம் சொல்லப்பட்டிருக்கும். இரண்டையும் சொன்னது ஒரே வாய்தான். ஊர்க்காரப் பெண்களை நாடு கடத்த முடியாது, பெர்மிட்டை ரத்து செய்ய முடியாது. தொழிலாளர் அலுவலகத்துக்கு, இங்கே எல்லாரும் பீரோ த்ராவாய் என்று சொல்கிறோமே, அங்கே நேராக நடந்து போய் கிரியோலில் பேசக்கூடியவர்கள் அவர்கள். உங்கள் ஓவர்டைம் ரேட் தப்பு என்றால் அநேகமாக அவர்களுடையதும் தப்பாகத்தான் இருக்கும்.

பல வருடம் முன்பு ஒரு துப்புரவு கான்ட்ராக்டரிடம் வேலை செய்த ஐந்து பெண்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். ஐந்து பேரும் ஒரே ஆலமரத்துப் பஸ் ஸ்டாப்பில் ஏறுகிறவர்கள், ஒரே அலுவலகத்தைத் துடைக்கிறவர்கள். ஆனால் ஒருவர் சம்பளம் இன்னொருவருக்குத் தெரியாது. வெட்கம். குறைவாக வாங்குகிறவளுக்கும் வெட்கம், கூட வாங்குகிறவளுக்கும் வெட்கம். சமையலறை மேசையில் டீ டம்ளர்களை ஓரமாகத் தள்ளிவிட்டு ஐந்து பேருடைய பே ஸ்லிப்பையும் வரிசையாக வைத்தோம். சீருடைக்கு என்று ஐந்து பேரிடமும் மாதா மாதம் பிடித்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு தொகை. ஒருத்திக்குச் சீருடையே கொடுக்கவில்லை. அவள் தன் சொந்தச் சுடிதாரில் துடைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, பிறகு அந்தப் பெண்ணே சிரிக்க ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்புக்கு அப்புறம் நான் யாரையும் எதற்கும் சம்மதிக்கவைக்க வேண்டியிருக்கவில்லை. மனுவை நான் எழுதினேன், ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள், இரண்டு மாதத்தில் பிடித்த பணம் திரும்பி வந்தது. முழுதாக வரவில்லை, அதையும் சொல்லவேண்டும். கடைசி ஆறு மாதத்துக்கு மட்டும் கொடுத்தார்கள்.

இந்தத் தீவில் கூடி வாங்கியதுண்டா என்றீர்கள். உண்டு. அதில் நம் ஆட்களுக்குப் பெரிய பங்கும் உண்டு.

1834லிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். மொத்தம் நாலரை லட்சம் பேர் என்பது கணக்கு. அவர்கள் இறங்கிய படித்துறையை இன்றைக்கும் போர்ட் லூயியில் பார்க்கலாம், ஆப்பிரவாசி காட் என்று பெயர். அந்தக் காலத்தில் டபுள் கட் என்று ஒன்று இருந்தது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி போய்விடும். இப்போது பே ஸ்லிப்புகளில் வருகை போனஸ் என்று ஒரு வரி வருகிறதே, ஒரு நாள் லீவு போட்டதற்கு அது மொத்தமாகக் காணாமல் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு டபுள் கட் ஞாபகம்தான் வரும்.

1871இல் அடோல்ஃப் த ப்ளெவிட்ஸ் என்பவர் இந்தக் கொடுமைகளை எல்லாம் தொகுத்து கவர்னருக்கு ஒரு மனு கொடுத்தார். அவர் ஒரு வெள்ளைக்காரர், தோட்ட நிர்வாகத்தில் இருந்தவர். மனுவில் 9,401 பேர் கையெழுத்து, ஒப்பந்தம் முடித்த பழைய கூலிகள். பாஸ் இல்லாமல் பக்கத்து ஊருக்குக்கூடப் போகமுடியாத காலம். போனால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள். வாட்ஸ்அப்பும் பஸ்ஸும் இல்லாமல் ஒன்பதாயிரம் பேரிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று நினைத்துப் பாருங்கள். தோட்ட முதலாளிகள் கொதித்துப்போய் ப்ளெவிட்ஸை நாடு கடத்தச் சொல்லி அவர்களும் ஒரு மனு கொடுத்தார்கள். நாடு கடத்துவோம் என்ற மிரட்டல் அப்போதிருந்தே இருக்கிறது, பாருங்கள். ஆனால் லண்டனிலிருந்து அரச விசாரணைக் குழு வந்தது, அறிக்கை வந்தது, 1878இல் புதிய தொழிலாளர் சட்டமும் வந்தது.

1936இல் டாக்டர் மோரிஸ் க்யூரே தொழிற்கட்சியைத் தொடங்கினார். மறு வருடம் கரும்பு விலையைக் குறைத்ததில் கலவரம் மூண்டது, யூனியன் ஃப்ளாக் என்ற ஊரில் துப்பாக்கிச் சூடு, நாலு பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான், 1938இல், தொழிலாளர் சங்கம் வைக்கச் சட்டப்படி வழி பிறந்தது.

உங்கள் ஆலை வடக்கே என்றீர்கள். பெல் வூ என்ற ஊருக்குப் பக்கத்தில் அஞ்சலை ஸ்டேடியம் என்று ஒன்று இருக்கிறது, பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். அந்த அஞ்சலை யார் என்று இங்கே ஃபுட்பால் பார்க்க வரும் பையன்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. 1943, போர்க்காலம். அரிசி கிடைக்காது, விலை ஏறிக்கொண்டே போகிறது, கூலி ஏறவில்லை. பெல் வூ அரேல் தோட்டத்துத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். செப்டம்பர் 27ஆம் தேதி போலீஸ் கூட்டத்தை நோக்கிச் சுட்டது. அஞ்சலை கூப்பன், முன்சாமி முனியன், கிஸ்ட்னசாமி முனிசாமி, மார்தே பனாப்பன் என்று நாலு பேர் உயிர் போனது. அஞ்சலை அப்போது கர்ப்பிணி.

பெயர்களைப் பாருங்கள். கூப்பன் என்பது நம் குப்பன்தான். குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதியதில் குப்பன் கூப்பன் ஆனார், கிருஷ்ணசாமி கிஸ்ட்னசாமி ஆனார். நாலு பேரும் தமிழ்ப் பெயர்க்காரர்கள். அந்தச் சாவுகளை விசாரிக்க ஒரு கமிஷன் உட்கார்ந்தது. சங்கம் என்றால் படித்தவர்கள் ஆபீஸ் போட்டு நடத்துவது என்று நினைப்பவர்களுக்கு நான் அஞ்சலையைத்தான் காட்டுவேன். கரும்பு வெட்டப் போன பெண்.

அவ்வளவு பழசு வேண்டாம் என்றால் 2017. அரசுப் பள்ளிகளைத் துப்புரவு செய்த பெண்களுக்கு மாதச் சம்பளம் 1,500 ரூபாய். ஆமாம், ஆயிரத்து ஐந்நூறு. கான்ட்ராக்ட் முறை. அவர்கள் போர்ட் லூயியில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள், சி.டி.எஸ்.பி. என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பு துணை நின்றது. 2018 ஜனவரியில் நாடு முழுக்கக் குறைந்தபட்சச் சம்பளம் முதல் முறையாக வந்தபோது அது 8,140 ரூபாய். 2024இல் ஒரே தாவலில் 16,500 ஆனது. தேர்தல் வருடம் என்பதையும் மறக்க வேண்டாம், இங்கே சம்பளம் ஏறுவதற்குத் தேர்தலும் ஒரு காரணம்தான். ஆனால் பள்ளிக் கக்கூஸ் கழுவிய பெண்கள் பட்டினி கிடந்து அந்த 1,500ஐப் பத்திரிகையில் வரவைத்திராவிட்டால், அந்தத் தொகையைப் பற்றி யாருக்கும் வெட்கம் வந்திருக்காது.

இனி எந்தச் சங்கம்? இந்தக் குட்டித் தீவில் சங்கங்களுக்குப் பஞ்சம் இல்லை. கூட்டமைப்புகளே பல. ஒருவருக்கொருவர் ஆகாது. சில தலைவர்கள் ரேடியோவில் நன்றாகப் பேசுவார்கள், போன் எடுக்கமாட்டார்கள். சேர்வதற்கு முன் நீங்கள் கேட்கவேண்டியது இரண்டுதான்: எங்கள் துறையில் கடைசியாக எந்த ஆலையில் ஒப்பந்தம் போட்டீர்கள், ஞாயிற்றுக்கிழமை டார்மிட்டரி பக்கம் வந்து பேச உங்களிடம் ஆள் இருக்கிறாரா. இரண்டாவது கேள்விக்குத் தலைவர் முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும். சி.டி.எஸ்.பி. வெளிநாட்டுத் தொழிலாளர்களோடு வேலை செய்திருக்கிறது என்பதால் அங்கே முதலில் விசாரியுங்கள் என்பேன். நான் அதில் உறுப்பினர் இல்லை. ஒரு வேலைப் பிரிவில் குறைந்தது 30 சதவீதம் பேர் ஒரு சங்கத்தின் பின்னால் இருந்தால் அதை அங்கீகரிக்கச் சட்டப்படி கோர முடியும். நூறு பேர் லைன் என்றால் முப்பது பேர். நாலு பேரிலிருந்து முப்பதுக்குப் போவது ஆறு மாத வேலை, அவசரப்படாதீர்கள்.

கோயிலில் ஆட்களைச் சேர்க்கலாமா என்று யாராவது யோசனை சொல்வார்கள். வெள்ளிக்கிழமை எல்லாரும் கூடுகிற இடம், பேச வசதிதான். ஆனால் இந்த ஊரில் கோயில் கமிட்டித் தலைவரும் ஆலை மேனேஜரும் சம்பந்திகளாக இருப்பது சகஜம். பிரசாதம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கோபத்தில் ஒரு நாள் எல்லாரும் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்துவிடாதீர்கள். சட்டப்படியான வேலைநிறுத்தத்துக்கு முதலில் பேச்சுவார்த்தை, பிறகு சமரச ஆணையம், ரகசிய வாக்கெடுப்பு, முன்னறிவிப்பு என்று படிகள் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்திய வெளிநாட்டுத் தொழிலாளர்களை விமானத்தில் ஏற்றி அனுப்பிய சம்பவங்கள் இந்த நாட்டில் நடந்திருக்கின்றன. சூப்பர்வைசர் மிரட்டுவது அந்த ஞாபகத்தை வைத்துத்தான். ஆனால் பீரோ த்ராவாயில் கணக்கோடு கொடுக்கும் எழுத்துப்பூர்வமான புகார் வேலைநிறுத்தம் இல்லை. அமைச்சகத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. புகாரைக் கொடுத்தால் தேதி போட்ட நகல் கேட்டு வாங்குங்கள். வாங்காமல் படி இறங்காதீர்கள். ஒருவர் பெயரில் கொடுக்காமல் நாலு பேர் பெயரில் கொடுங்கள், அதில் ஒருவர் ஊர்க்காரராக இருக்கட்டும்.

கடைசியாக அந்த பாஸ்போர்ட். நீங்கள் சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு உங்கள் கடிதத்திலேயே அதுதான் உறுத்தியது. இந்திய பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, உள்ளேயே அச்சடித்திருக்கிறது. "பத்திரமாக இருக்கட்டும்" என்று வாங்கி வைத்திருப்பார்கள். சண்டைக்குப் போகாமல், "வங்கியில் கேட்கிறார்கள், வேண்டும்" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, நாளைக்கே ஆபீசில் கொடுத்துக் கேளுங்கள். அந்தச் சீட்டை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தரவில்லை என்றால் போர்ட் லூயியில் இந்திய ஹை கமிஷனுக்கும் பீரோ த்ராவாய்க்கும் அந்தப் படத்தோடு போகவேண்டும். ஓவர்டைம் புகார் அதற்குப் பிறகுதான். பாஸ்போர்ட் உங்கள் தலையணைக்குக் கீழே வந்து சேரும்வரை மற்ற காகிதம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், தங்கச்சி. நோட்டுப் புத்தகத்தை மட்டும் இன்று ராத்திரியே ஆரம்பித்துவிடுங்கள்.